இரண்டு நாடோடிகள், ஒரு சாலை: திரைக்கதை சறுக்கும் இடங்கள்

போக்கிடம் இல்லாத இரண்டு பேர் வழியில் சந்திக்கிறார்கள், சேர்ந்து போகிறார்கள், நண்பர்களாகிறார்கள். ஒரே வரியில் சொல்லிவிட முடிவதாலோ என்னவோ, முதல் திரைக்கதையாக இதை எழுத உட்காருகிறவர்கள் நிறைய. நண்பர்கள் எழுதிய சிலவற்றைப் படித்திருக்கிறேன். நானும் ஒன்றை எழுதிப் பாதியில் போட்டிருக்கிறேன். எல்லாமே ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் சறுக்குகின்றன.

ஒருவன் வாயாடி, இன்னொருவன் உம்மணாமூஞ்சி. அவ்வளவுதான், நட்பு தானாக வந்துவிடும் என்று நம்புவது முதல் தவறு. இந்த எதிரெதிர்க் குணங்கள் ஆரம்பச் சிரிப்புக்குத்தான் உதவும். ஒருவனிடம் இல்லாதது மற்றவனிடம் இருக்க வேண்டும், வழியில் அது கைமாறவும் வேண்டும். 1973இல் ஜெர்ரி ஷாட்ஸ்பெர்க் எடுத்த ‘ஸ்கேர்குரோ’வைப் பாருங்கள். பிரான்சின் கான் திரைப்பட விழாவின் உயரிய விருதை அந்த ஆண்டு இன்னொரு படத்தோடு பகிர்ந்துகொண்ட படம். ஜீன் ஹாக்மன் நடித்த மேக்ஸ் சிறையிலிருந்து வந்தவன், எதற்கெடுத்தாலும் கை ஓங்குகிறவன். அல் பசினோ நடித்த லயன் கப்பல் வேலையை விட்டு வந்தவன். சோளக்கொல்லை பொம்மையைப் பார்த்துக் காக்கைகள் பயப்படுவதில்லை, சிரித்துவிட்டுப் போய்விடுகின்றன என்பது லயனின் கட்சி. அதனால் சண்டை வந்தால் சிரிக்க வைத்துத் தப்பித்துக்கொள்வான். பின்னால் ஒரு மதுக்கடையில் அடிதடிக்குக் கிளம்பும் மேக்ஸ், சட்டென்று மனம் மாறி, அடுக்கடுக்காகப் போட்டிருக்கும் உடுப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி ஆட ஆரம்பிக்கிறான். கடையே சிரிக்கிறது. லயன் முகத்தில் மட்டும் அந்தப் பழைய சிரிப்பு இல்லை. ‘நீ என்னை மாற்றிவிட்டாய்’ என்று யாரும் வசனம் பேச வேண்டியதே இல்லை.

அடுத்தது, மனதைத் திறக்கிற அவசரம். ராத்திரி, தீ மூட்டிக் குளிர்காய்கிறார்கள், ஒருவன் அப்பாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பிக்கிறான். பக்கம் பார்த்தால் 12! வருஷக்கணக்காக ரோட்டில் கிடந்தவன் முன்பின் தெரியாதவனிடம் உண்மையைக் கொட்டமாட்டான். பாதி சொல்வான், மீதியைப் புளுகுவான். அதே படத்தின் தொடக்கத்தில் இருவரும் ஆளில்லாத சாலையில் வண்டிக்காக நிற்கிறார்கள். லயன் கோமாளித்தனம் செய்து பார்க்கிறான், மேக்ஸ் கண்டுகொள்வதில்லை. மேக்ஸின் லைட்டர் பற்றவில்லை. லயன் தன்னிடமிருந்த கடைசித் தீக்குச்சியைக் கொடுக்கிறான். நட்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது. இரண்டு பக்க வசனம் எழுதியிருந்தாலும் அந்தக் குச்சிக்கு ஈடாகாது.

இந்தக் கதைகளில் யாருக்கும் பசிக்காது என்பது என் பெரிய மனக்குறை. கையில் காசில்லை என்பார்கள், ஆனால் அடுத்த காட்சியில் அறை எடுத்துத் தங்கியிருப்பார்கள். எங்கே படுத்தார்கள், எப்படிக் குளித்தார்கள், சாப்பாட்டுக்கு யார் கொடுத்தது என்று கணக்கு எழுதிப் பாருங்கள். கதைக்கு வேண்டிய சண்டையில் பாதி அந்தக் கணக்கிலேயே இருக்கும். பங்கு பிரிப்பதில் வராத மனஸ்தாபமா!

சாலையைக் காலண்டர் படமாக்குவதும் உண்டு. மலை, சூரிய அஸ்தமனம், பின்னணியில் ஒரு பாட்டு, ஐந்நூறு கிலோமீட்டர் முடிந்தது. விம் வெண்டர்ஸின் ‘கிங்ஸ் ஆஃப் தி ரோட்’ (1976) ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஓடுகிறது. அதில் ஒருவன் லாரியில் ஊர் ஊராகப் போய்த் திரையரங்கு புரொஜெக்டர்களைப் பழுதுபார்க்கிறவன். அதனால் ஒவ்வொரு ஊரிலும் வண்டி நிற்க ஒரு காரணம் இருக்கிறது. உங்கள் கதையில் மூன்றாவது ஊரையும் ஐந்தாவது ஊரையும் இடம் மாற்றிப் பாருங்கள். எதுவும் கெடவில்லையென்றால் இரண்டில் ஒன்றை வெட்டிவிடலாம்.

வழியில் வரும் பெண்களை ஓர் இரவுத் தங்கலாக மட்டும் எழுதுவது இந்த வகைப் படங்களின் பழைய வியாதி. நல்ல படங்களுக்கும் உண்டு, மேலே புகழ்ந்த இரண்டுமே இதில் தப்பவில்லை. நாடோடிகள் போன பிறகு அவளுக்கு நாளைக்கு என்ன வேலை என்று உங்களுக்காவது தெரிந்திருக்கட்டும்.

கடைசியாக, முடிவு. (‘ஸ்கேர்குரோ’ பார்க்காதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.) ஒருவனைக் கொன்று மற்றவனை அழவைப்பது சுலபம் என்பதால் பலரும் அதைத்தான் செய்கிறார்கள். இந்தப் படத்தில் மனம் உடைந்துபோன லயன் மருத்துவமனையில் கிடக்கிறான். கார் கழுவும் நிலையம் வைக்க மேக்ஸ் சேர்த்த பணம் பிட்ஸ்பர்க்கில் இருக்கிறது. மேக்ஸ் கவுன்டரில் அந்த ஊருக்கு டிக்கெட் கேட்கிறான், போகவும் வரவும் சேர்த்து. காசு போதவில்லை. ஷூவைக் கழற்றி, குதிகாலில் ஒளித்து வைத்த நோட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு, பிய்ந்த குதிகாலை அந்தக் கவுன்டரிலேயே தட்டித் தட்டிப் பொருத்திக்கொண்டிருக்கிறான்.