பழைய காருக்குப் பெரிய பிரேக் காலிப்பர்: ஸ்பேனரை எடுப்பதற்கு முன் ஒரு கணக்கு

வீலோடு சுற்றும் டிஸ்க்கை இரண்டு பேடுகளுக்கு நடுவே நெருக்கிப் பிடிப்பதுதான் காலிப்பர். பெரிய காலிப்பர் மாட்டினால் வண்டி சட்டென்று நின்றுவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பாதிதான் உண்மை. வண்டியை நிறுத்துவது கடைசியில் டயருக்கும் சாலைக்கும் இடையே உள்ள பிடி. இருக்கிற பிரேக்கே வீல்களைச் சுழலவிடாமல் லாக் செய்கிறது என்றால், எவ்வளவு பெரிய காலிப்பர் போட்டாலும் அந்த ஒரு தடவை நிற்கும் தூரம் குறையாது. அப்புறம் எதற்கு மாற்றுவது? சூட்டுக்காக. 1,000 கிலோ எடையுள்ள கார் 100 கி.மீ. வேகத்திலிருந்து நிற்கும்போது ஏறத்தாழ 386 கிலோஜூல் ஆற்றலைக் கரைக்க வேண்டும், அதில் பெரும்பகுதி முன் டிஸ்க்கில் சூடாக இறங்கும். மலையிறக்கத்தில் இது திரும்பத் திரும்ப நடந்தால் மெல்லிய பழைய டிஸ்க் தாங்காது, பெடலை மிதித்தாலும் வண்டி போய்க்கொண்டே இருக்கும். பெரிய பேடும், நடுவில் காற்றுப் போக வழியுள்ள தடித்த டிஸ்க்கும் சேர்ந்து வந்தால்தான் செலவுக்குப் பலன். டயர் காய்ந்து இறுகிப்போயிருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.

கணக்கு

காலிப்பரின் ஒரு பக்கத்தில் உள்ள, பேடைத் தள்ளும் பிஸ்டன்களை மட்டும் எண்ணுங்கள். பழையதில் 48 மி.மீ. பிஸ்டன் ஒன்று, புதியதில் ஒரு பக்கத்துக்கு 38 மி.மீ. பிஸ்டன் இரண்டு என்று வைத்துக்கொள்வோம். விட்டத்தை வர்க்கம் செய்து ஒப்பிட்டால் போதும்: 48×48 = 2304; 38×38×2 = 2888. அதாவது அதே மிதிக்குப் பேடு 25 சதவீதம் கூடுதல் விசையோடு டிஸ்க்கைப் பிடிக்கும். ஆனால் அதே அளவு கூடுதல் பிரேக் ஆயிலும் தேவை, அதனால் பெடல் இன்னும் கீழே போகும்.

இதைச் சரிசெய்ய எல்லோரும் பெடலை மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரைப் பெரிதாக்குவார்கள், அங்கேதான் வம்பு. அதன் உள்விட்டம் 3/4 அங்குலத்திலிருந்து 7/8 அங்குலத்துக்குப் போனால் பெடல் கல்லு மாதிரி இருக்கும், ஆனால் அதே மிதிக்கு ஆயிலின் அழுத்தம் கால் பங்குக்கு மேல் குறைந்துவிடும். காலிப்பர் கொடுத்ததை மாஸ்டர் சிலிண்டர் பிடுங்கிக்கொண்டு, மொத்தத்தில் பழையதைவிட 8 சதவீதம் பலம் குறைந்த பிரேக் கையில் மிஞ்சும்! 13/16 அங்குலம் போட்டால் 6, 7 சதவீதம் லாபம், பெடலும் ஓரளவு பழைய உயரத்தில் நிற்கும். மிதிக்குத் துணை செய்யும் பூஸ்டர் இல்லாத பழைய வண்டியில் இந்த வித்தியாசம் காலில் நன்றாகவே தெரியும்.

ஏற்கெனவே பலர் செய்து பார்த்த ஜோடி உங்கள் காருக்கு இருந்தால் அதையே எடுங்கள். டாட்சன் 240இசட்டுக்கு டொயோட்டா பிக்கப்பின் நான்கு பிஸ்டன் காலிப்பரைப் போடுவது அப்படிப் பழகிப்போன வழி. அதில்கூட அகலமான காலிப்பரை எடுத்தால் டிஸ்க்கையும் மாற்ற வேண்டும்.

வீலுக்குள் இடம்

காலிப்பரின் வெளிவடிவத்தை அட்டையில் வெட்டி, வீலின் உள்பக்கம் வைத்துப் பாருங்கள். சுற்றிலும் 3 மி.மீ.யாவது இடைவெளி வேண்டும். 13 அங்குல வீலில் பெரும்பாலும் இங்கேயே திட்டம் முடிந்துவிடும்.

கழற்றுவது

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பின் வீலுக்குக் கட்டை வைத்து, முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே தலையை விடக்கூடாது. பழைய பேடில் கல்நார் இருக்கலாம், எனவே தூசியைக் காற்றடித்து ஊதாமல் பிரேக் கிளீனரால் நனைத்துத் துடையுங்கள். ஆயில் வரும் ஹோஸில் காலிப்பர் தொங்கக்கூடாது, கம்பியால் கட்டுங்கள். பல பழைய கார்களில் டிஸ்க், வீலைத் தாங்கும் ஹப்போடு சேர்ந்தே வரும். அப்படியானால் பேரிங்கைக் கழுவிப் புது கிரீஸ் வைத்து, பூட்டும்போது புது ஸ்பிளிட் பின் போடுங்கள்.

மாட்டுவது

ஹப் முகத்தில் துளி துரு இருந்தாலும் டிஸ்க் ஆடும், பெடல் துடிக்கும். பிராக்கெட், காலிப்பர் போல்ட்டுகளைக் குறிப்பிட்ட டார்க்கில் (இறுக்க வேண்டிய அளவில்) இறுக்குங்கள், பெட்டியில் கிடந்த ஏதோ ஒரு போல்ட்டு இங்கே ஆகாது. காலிப்பர் டிஸ்க்குக்கு நடுவில் நிற்கிறதா என்று ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் தகடுகள்) இருபுறமும் அளந்து, தேவையானால் ஷிம் என்னும் மெல்லிய தகடு வையுங்கள். பேடு டிஸ்க் விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

காற்று எடுக்கும் நிப்பிள் மேலே இருக்க வேண்டும். இடமும் வலமும் மாறினால் நிப்பிள் கீழே போய்விடும், நாள் முழுக்கப் பெடலை மிதித்தாலும் உள்ளே இருக்கும் காற்று வராது.

ஹோஸ் திரெட்டைப் பூட்டுவதில் அவசரப்படாதீர்கள். பழைய வண்டியில் 3/8 அங்குலம், அங்குலத்துக்கு 24 சுற்று என்று இருக்கலாம். புதிய காலிப்பரில் 10 மி.மீ., 1 மி.மீ. பிட்ச் என்று இருக்கலாம். இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும், தப்பானது சில சுற்று ஏறவும் ஏறும், அழுத்தம் வரும்போது பிடுங்கிக்கொள்ளும். செம்பு வாஷர் எப்போதும் புதிது. பூட்டியபின் ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுவதும் திருப்பி, ஹோஸ் முறுக்குகிறதா, வீலில் உரசுகிறதா என்று பாருங்கள்.

காற்று எடுப்பது

பிரேக் ஆயில் ரகங்களில் டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் ஒரே கிளைகால் வகை. டாட் 5 சிலிக்கான், கலக்கவே கூடாது. கிளைகால் வகை பெயிண்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரத்து வீலில் தொடங்கி அருகில் வாருங்கள். பழைய மாஸ்டர் சிலிண்டர் என்றால் பெடலைத் தரை வரை மிதிக்காதீர்கள், துருப்பிடித்த பகுதியில் சீல் உரசிக் கிழிந்துவிடும்.

ஓட்டிப் பார்ப்பது

முதலில் நின்ற இடத்திலேயே பெடலை அழுத்திப் பிடித்து, அது மெல்ல இறங்குகிறதா, எங்காவது கசிகிறதா என்று பாருங்கள். அப்புறம் காலிச் சாலையில் 60 கி.மீ.யிலிருந்து 15 கி.மீ. வரை எட்டுப் பத்துத் தடவை, முழுதாக நிற்காமல், பேடைப் பழக்குங்கள். சூடாக இருக்கும்போது நிறுத்திப் பெடலை மிதித்துக்கொண்டே நிற்காதீர்கள்.

கடைசியாகப் பலமாகப் பிரேக் போட்டுப் பாருங்கள். முன் வீல்தான் முதலில் லாக் ஆக வேண்டும். பின் வீல் முந்தினால் வண்டி சுழன்றுவிடும், பின்பக்கக் குழாயில் அழுத்தம் குறைக்கும் வால்வு போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகிச் சரிசெய்யுங்கள். முன்பக்கம் மட்டுமே எல்லா வேலையையும் செய்கிறது, பின்பக்கம் சும்மா வருகிறது என்றால், பின் பிரேக் ஷூவையும் வீல் சிலிண்டரையும் திறந்து பார்க்கும் வேலை பாக்கி இருக்கிறது.