தட்டுவடையை மறுபடி பொரிக்கிறதா? மேக்கைச் சோதிக்க ஒரு ஷெல் ஸ்கிரிப்ட்

சேலத்தில் தட்டுவடை செட் போடுபவரைக் கவனித்திருப்பீர்கள். சட்னி தீர்ந்து புதிதாக அரைத்து வந்தால், செட்டைத்தான் புதிதாக அடுக்குவார். டின்னில் இருக்கும் தட்டுவடையைத் திரும்ப எண்ணெயில் போடமாட்டார். 1976-ல் பெல் லேப்ஸில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதிய மேக் என்ற கட்டுமான நிரல் செய்வதும் அதுதான்: கோப்புகளின் நேரத்தைப் பார்த்து, மூலக் கோப்பைவிடப் பழையதாகிப்போனதை மட்டும் மறுபடி கட்டும்.

நான் மாட்டிக்கொண்டதும் இங்கேதான். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை ஒன்றுக்குக் கூலிக் கணக்கு எழுதிக் கொடுத்தேன். பொது, கூலி, ரசீது என்று மூன்று டைரக்டரிகள். கூலி விகிதம் பொதுவில் உள்ள ஹெடரில் (மற்ற கோப்புகள் சேர்த்துக்கொள்ளும் வரையறைக் கோப்பு). விகிதத்தை மாற்றி மேக் ஓட்டினால், செய்ய வேலை எதுவும் இல்லை என்றது. ரசீதில் பழைய கூலியே அச்சாகி வந்தது. எது எதைச் சார்ந்தது என்று மேக்குக்குச் சொல்வது மேக்ஃபைல்; அதில் அந்த ஹெடரைச் சார்பாக எழுத மறந்தவன் நான்தான்.

இதைப் பிடிக்கிற ஸ்கிரிப்டைப் படிப்படியாக எழுதுவோம்.

முதல் படி, தனி இடம். எம்கே-டெம்ப் -டி கொடுத்தால் காலியான தற்காலிக டைரக்டரி கிடைக்கும். மூன்று டைரக்டரிகளையும் மேக்ஃபைலையும் அதற்குள் நகலெடுங்கள், பழைய .ஓ கோப்புகள் (மூலத்திலிருந்து கம்பைலர் கட்டியவை) கூட வந்துவிட வேண்டாம். ஸ்கிரிப்ட் எப்படி முடிந்தாலும் அந்த இடம் அழிய, எக்ஸிட்டுக்கு ஒரு ட்ராப் (வெளியேறும்போது தானாக ஓடும் கட்டளை) வையுங்கள்.

இரண்டாவது, மேக்கை ஒருமுறை ஓட்டிவிட்டு உடனே மேக் -க்யூ. இது எதையும் கட்டாது, பதில் மட்டும் சொல்லும்: 0 என்றால் வேலை இல்லை, 1 என்றால் இருக்கிறது, 2 என்றால் பிழை. இப்போது 0 வர வேண்டும்.

மூன்றாவதுதான் முக்கியம். ஸ்லீப் 1 போட்டு (ஒரு நொடி காத்திருந்து) ஹெடரை டச் செய்யுங்கள், அதாவது அதன் நேரத்தை மட்டும் புதுப்பியுங்கள். (நேரத்தைத் துல்லியமாகக் குறிக்காத கோப்பு முறைமைகளில் ஹெடரும் .ஓ கோப்பும் ஒரே நேரமாகத் தெரிந்தால் மேக் அசையாது, அதற்குத்தான் ஸ்லீப்.) மறுபடி மேக் -க்யூ: 1 வர வேண்டும்.

இங்கே இரண்டு பள்ளங்கள். செட் -இ (ஒரு கட்டளை 0 அல்லாத பதில் தந்தால் நிறுத்து என்பது) போட்டிருந்தால் அந்த 1 வந்ததுமே ஸ்கிரிப்ட் செத்துப்போகும். ஒரு மாறியில் 0 வைத்துக்கொண்டு, கட்டளைக்குப் பின் இரட்டைக் குழாய்க்குறி போட்டு, டாலர்-கேள்விக்குறியை (முந்தைய கட்டளையின் பதில்) அந்த மாறியில் வாங்குங்கள். அடுத்தது, "0 இல்லையென்றால் பாஸ்" என்று எழுதிவிடாதீர்கள். மேக்ஃபைலில் எழுத்துப்பிழை இருந்து 2 வந்தாலும் பாஸ் ஆகிவிடும். சரியாக 1-தானா என்று கேளுங்கள்.

நான்காவது, தட்டுவடைச் சோதனை. மேக்கை ஓட்டி எல்லாவற்றையும் கட்டி முடித்தபின் வெற்றுக் கோப்பு ஒன்றை அடையாளமாக வையுங்கள். ஸ்லீப் 1, ரசீதின் மூலத்தை மட்டும் டச், பிறகு மேக். ஃபைண்ட் -நியூவர் கொண்டு அடையாளத்தைவிடப் புதிய .ஓ கோப்புகளைத் தேடுங்கள். கூலியின் .ஓ அதில் தலைகாட்டினால் ஃபெயில்.

என் பிழைக்கு மருந்து ஜிசிசி என்ற கம்பைலரின் -எம்எம்டி. ஒவ்வொரு .ஓ கோப்புக்கும் சார்புப் பட்டியலை .டி கோப்பாக எழுதித் தரும். மேக்ஃபைலில் அவற்றை இன்க்ளூட் செய்தால் போதும்.

எல்லாம் பாஸ் ஆனபின் அந்த இன்க்ளூட் வரியை வேண்டுமென்றே நீக்கிவிட்டு ஸ்கிரிப்டை ஓட்டிப் பாருங்கள். மூன்றாவது படி ஃபெயில் ஆக வேண்டும். ஆகவில்லையென்றால் மேக்ஃபைலை விடுங்கள், ஸ்கிரிப்டைத் திருத்துங்கள்.