எடை குறைந்த ஸ்போர்ட்ஸ் காருக்கு ஆன்டி-ரோல் பார் தேவையா?

ஆன்டி-ரோல் பார் என்பது இடது, வலது சக்கரங்களின் சஸ்பென்ஷனை இணைத்து, வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் முறுக்குக் கம்பி. வளைவில் கார் சாய்கிறது என்பதற்காக மட்டும் அதை வாங்காதீர்கள். முதலில் டயர் காற்றழுத்தம், டேம்பர் (ஷாக் அப்சார்பர்), புஷ் (இணைப்புகளில் இருக்கும் ரப்பர் உருளை) மூன்றையும் பாருங்கள். பாதிப் புகார் அங்கேயே தீரும். எடை குறைந்த ஸ்போர்ட்ஸ் காரான லோட்டஸ் எலீஸில் முன்பக்கம் மட்டும்தான் பார், பின்னால் கிடையாது.

முன் பாரைக் கெட்டியாக்கினால் முன் டயர்களின் பிடி குறைந்து கார் வளைவுக்கு வெளியே தள்ளும். பின் பார் என்றால் பின்பக்கம் வழுக்கும். சாதாரண டிஃபரன்ஷியல் (இரு பக்கச் சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் பல்சக்கர அமைப்பு) உள்ள பின்சக்கர இயக்கக் காரில் பின் பார் அதிகமானால் உள்பக்கச் சக்கரம் தூக்கிக்கொண்டு வெறுமனே சுழலும். மழையில் இது பெரிய தலைவலி.

தடிமனில் பேராசை வேண்டாம். விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும்: 16 மி.மீ. பாரை 18 ஆக்கினாலே சுமார் 60 சதவீதம் கூடிவிடும்.

மாட்டும்போது நான்கு சக்கரமும் சமதரையில் நிற்கட்டும்; இருக்கையில் ஓட்டுநர் எடைக்கு மூட்டை வையுங்கள். ஒரு பக்க லிங்கை (பாரின் முனையைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் சிறு தண்டு) முதலில் முடுக்குங்கள். மறுபக்க லிங்கின் போல்ட் விரலால் தள்ளினாலே துளைக்குள் இறங்கும்வரை அதன் நீளத்தைத் திருகிச் சரிசெய்யுங்கள். நெம்பி நுழைத்தால் பார் முறுகியே நிற்கும், இடது வளைவிலும் வலது வளைவிலும் கார் வேறுவேறாக நடக்கும். பாலியூரித்தேன் புஷ்ஷுக்குச் சிலிகான் கிரீஸ் தடவுங்கள், இல்லையேல் கீச்சிடும். பார் முனையில் பல துளைகள் இருந்தால், முதலில் விறைப்பு மிகக் குறைந்த துளையில் லிங்கை மாட்டி ஓட்டிப் பாருங்கள்.