ஜெர்மனில படிச்சு முடிச்சு அங்கேயே பிஆர் வாங்குறது எப்படி: நான் போன வழி, ஸ்டெப் பை ஸ்டெப்

போன மாசம் நீடர்லாஸுங்ஸ்எர்லாப்னிஸ் கார்டு கைக்கு வந்துடுச்சு, அதான் ஜெர்மனியோட பிஆர், அதாவது அங்கயே நிரந்தரமா தங்கறதுக்கான அனுமதி. ஜூனியர் பசங்க வாட்ஸ்அப்ல கேட்டுட்டே இருக்காங்க, அதனால எல்லாத்தையும் இங்கயே எழுதிடறேன். ஏபிஎஸ் (நம்ம சர்டிபிகேட்ட சரிபார்க்கறது), பிளாக்ட் அக்கவுன்ட்ல (செலவுக்கு முன்கூட்டியே போட்டு வைக்கற கணக்கு) 11,904 யூரோ, விசா, ஆன்மெல்டுங் (தங்கற முகவரிய பதிவு பண்றது) எல்லாம் முடிச்சு யுனிவர்சிட்டில சேர்ந்துட்டீங்கன்னு வச்சுக்கறேன்.

ஸ்டெப் 1: முதல் செமஸ்டர்லயே ஜெர்மன்

கோர்ஸ் இங்கிலீஷ்ல தானே, அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டுடாதீங்க. பி1 (ஜெர்மன் மொழில நடுத்தர லெவல்) சர்டிபிகேட் இருந்தா பிஆர் சீக்கிரம் வரும், கணக்கு கீழ சொல்றேன். என் சாய்ஸ் முதல்ல யுனிவர்சிட்டி மொழி வகுப்பு, இடம் கிடைக்கலன்னா ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலெ, அதாவது ஊர்ல பெரியவங்களுக்கு வகுப்பு நடத்தற பொது கல்வி மையம். மொபைல் ஆப் வார்த்தை மனப்பாடம் பண்ண மட்டும் தான் உதவும், பேச வராது. பேக்கரில அவங்க இங்கிலீஷ்ல பதில் சொன்னாலும் நீங்க ஜெர்மன்லயே பேசுங்க.

வெர்க்ஸ்டூடன்ட் வேலையும் (படிச்சுக்கிட்டே பாக்கற பார்ட் டைம் வேலை) தேடுங்க, செமஸ்டர் நேரத்துல வாரம் 20 மணி நேரம். எனக்கு முழுநேர வேலை அதே டீம்ல தான் கிடைச்சுது.

ஸ்டெப் 2: படிப்பு முடிஞ்சதும் (இத ரெண்டு தடவை படிங்க)

டிகிரி முடிச்சா வேலை தேட 18 மாசம் பெர்மிட் தருவாங்க, அந்த நேரத்துல எந்த வேலையும் பாக்கலாம். நான் மாட்டிக்கிட்டது இங்க தான். என் ஸ்டூடன்ட் பெர்மிட் மார்ச் கடைசில முடியுது, வெளிநாட்டவர் ஆபீஸ் வெப்சைட்ல ஜூன் வரைக்கும் ஒரு அப்பாயின்ட்மென்ட் கூட இல்ல, நானும் அப்பாயின்ட்மென்ட் கிடைச்சா தான் அப்ளை பண்ண முடியும்னு நெனச்சு தினமும் ராத்திரி 12 மணிக்கு பேஜை ரெஃப்ரெஷ் பண்ணிட்டு உக்காந்திருந்தேன். முடிய நாலு நாள் இருக்கும்போது ஹாஸ்டல்ல இருந்த ஒரு அக்கா தான் சொன்னாங்க, தம்பி, அப்பாயின்ட்மென்ட் வேற, அப்ளிகேஷன் வேற, பெர்மிட் முடியறதுக்குள்ள அப்ளிகேஷன் அவங்க கைக்கு போயிருந்தா போதும்னு.

அன்னிக்கே பாஸ்போர்ட் காப்பி, யுனிவர்சிட்டி முடிச்ச லெட்டர், இன்ஷூரன்ஸ், பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாத்தையும் ஒரே பிடிஎஃப்பா அனுப்பினேன். இமெயிலோ ஆன்லைன் ஃபார்மோ, உங்க ஊர் ஆபீஸ் எத ஏத்துக்குதோ அதுல அனுப்புங்க, வர்ற ஆட்டோ ரிப்ளைய பிரின்ட் எடுத்து ஃபைல்ல வைங்க, அந்த தேதி தான் உங்க ஆதாரம்.

அப்புறம் கார்டு வர்ற வரைக்கும் ஃபிக்ட்ஸியோன்ஸ்பெஷைனிகுங்னு ஒரு பேப்பர் தருவாங்க. உள்ள மூணு கட்டம் இருக்கும், ஒண்ணுல பெருக்கல் குறி போட்டிருப்பாங்க. மூணாவது கட்டம், அதாவது வெளிநாட்டவர் தங்கற சட்டத்தோட பிரிவு 81(4), அதுல குறி இருந்தா தான் ஊருக்கு போயிட்டு திரும்ப வர முடியும். எனக்கு முதல் கட்டத்துல போட்டு குடுத்துட்டாங்க! திருச்சில தங்கச்சி கல்யாணம், டிக்கெட் போட்டாச்சு, பெட்டி கட்டும்போது தான் கண்ணுல பட்டுது. மறுநாள் காலைல ஆபீஸ் தெறக்கறதுக்கு முன்னாடியே போய் நின்னு, அந்த ஆட்டோ ரிப்ளைய காட்டினதும் மாத்தி குடுத்தாங்க. கவுன்டர விட்டு நகர்றதுக்கு முன்னாடியே அந்த கட்டத்த பாத்துடுங்க.

ஸ்டெப் 3: வேலை கிடைச்சா ப்ளூ கார்டு கேளுங்க

ப்ளூ கார்டுங்கறது டிகிரி படிச்சவங்களுக்கு தர்ற ஒரு ஒர்க் பெர்மிட். சம்பளம் அதோட வரம்ப தொட்டுச்சுன்னா சாதாரண ஒர்க் பெர்மிட்ட விட எனக்கு ப்ளூ கார்டு தான் பிடிக்கும். 2025ல வருஷ சம்பளம் 48,300 யூரோ வேண்டியிருந்துச்சு, ஆனா டிகிரி முடிச்சு மூணு வருஷம் ஆகாதவங்களுக்கு 43,759.80 போதுமா இருந்துச்சு, இந்த குறைஞ்ச வரம்பு நெறைய பேருக்கு தெரியல. வருஷா வருஷம் மாறும், கான்ட்ராக்ட் போடும்போது அந்த வருஷ தொகைய பாத்துக்கோங்க. ப்ளூ கார்டுல பி1 இருந்தா 21 மாசத்துல பிஆர், ஏ1 (ஆரம்ப லெவல்) மட்டும்னா 27. சாதாரண பெர்மிட்ல ஜெர்மன் டிகிரிக்காரங்களுக்கு 2 வருஷம், அங்க பி1 கட்டாயம்.

ஸ்டெப் 4: பிஆர் ஃபைல்

சம்பள ஸ்லிப், கம்பெனி லெட்டர், வீட்டு ஒப்பந்தம், பி1, அப்புறம் லேபன் இன் டாய்ச்லான்ட் டெஸ்ட், அதாவது ஜெர்மனியோட சட்டம், சமூகம் பத்தின டெஸ்ட். 33 கேள்வி, பிஆருக்கு 15 சரியா இருந்தா போதும், ஆனா 17 எடுத்துடுங்க, பின்னாடி சிட்டிசன்ஷிப்புக்கும் அதே சர்டிபிகேட் செல்லும். கேள்விகள் முன்கூட்டியே வெளியிட்டது தான், ரெண்டு வாரம் போதும். டெஸ்டுக்கு இடம் கிடைக்க தான் நாளாகும், அதனால சீக்கிரமே பதிவு பண்ணுங்க.

அப்டேட்: ஒருத்தங்க கமென்ட்ல சொன்னாங்க, பிஆருக்கு பென்ஷன் கட்டின மாசங்களையும் எண்ணுவாங்க, கம்பெனி மாறினப்ப அவங்க பென்ஷன் கணக்குல ஒரு மாசம் விட்டுப்போயிருக்கு, ஆபீஸ்ல ஃபைல திருப்பி அனுப்பிட்டாங்க. ரொம்ப கஷ்டமா இருந்துச்சு படிக்க. பென்ஷன் இன்ஷூரன்ஸ்ல ஃபெர்ஸிஷெருங்ஸ்ஃபெர்லாஃப்னு ஒரு ஸ்டேட்மென்ட் இலவசமா தருவாங்க, அப்ளை பண்றதுக்கு ரெண்டு மூணு மாசம் முன்னாடியே வரவழைச்சு ஒவ்வொரு மாசமா எண்ணிப் பாருங்க. ப்ளூ கார்டுல முதல் 12 மாசத்துக்குள்ள வேலை மாறினா வெளிநாட்டவர் ஆபீசுக்கும் சொல்லணும்.

இன்னொருத்தர் பிஆர் வந்தப்புறம் ஊர்ல எத்தனை நாள் இருக்கலாம்னு கேட்டிருந்தார். பொதுவா ஆறு மாசத்துக்கு மேல வெளிய இருந்தா பிஆர் தானாவே போயிடும். அப்பா அம்மாவுக்கு முடியாம நீண்ட நாள் போக வேண்டி வந்தா, கிளம்பறதுக்கு முன்னாடியே ஆபீஸ்ல கூடுதல் நாள் கேட்டு எழுத்துல வாங்கிக்கோங்க.