புளியங்கொட்டையும் காகித உருண்டையும்: தொடர்வினையை வகுப்பில் செய்து காட்டும் முறை

பத்தாம் வகுப்பில் அணுக்கருப் பிளவை நடத்தும்போது நியூட்ரான்கள் பெருகுவதை மட்டும் காட்டி நிறுத்திவிட்டால், தொடர்வினை (ஒரு பிளவில் வரும் நியூட்ரான்கள் அடுத்த பிளவுகளைத் தூண்டுவது) என்றாலே வெடிப்புதான் என்று பிள்ளைகள் முடிவுகட்டிவிடுகிறார்கள். சென்னையிலிருந்து ஏறத்தாழ 70 கி.மீ. தெற்கே, கல்பாக்கத்தின் முதல் மின் உலை 1983-இல் மாறுநிலையை, அதாவது தொடர்வினை பெருகாமலும் அணையாமலும் நீடிக்கும் நிலையை எட்டியது, அதே தொடர்வினையை அளவோடு கட்டுப்படுத்தி வைத்ததால்தான்.

முதலில் 1000 புளியங்கொட்டைகளை எண்ணி எடுத்து, அவற்றில் 7-க்கு மட்டும் சுண்ணாம்பு பூசிக் காயவைத்து, எல்லாவற்றையும் ஒரு முறத்தில் கலந்துவிடுங்கள். கண்ணை மூடி ஒரு கைப்பிடி அள்ளச் சொன்னால் பெரும்பாலும் வெள்ளைக்கொட்டை ஒன்றுகூட வராது. இயற்கை யுரேனியத்தின் நிலை இதுவே: எண்ணிக்கையில் 99.3 விழுக்காடு யுரேனியம்-238, ஏறத்தாழ 0.7 விழுக்காடு யுரேனியம்-235. இரண்டிலும் புரோட்டான்கள் 92. நியூட்ரான்கள் மட்டும் முறையே 146, 143. மெதுவான நியூட்ரான் பட்டால் எளிதில் பிளப்பது அந்த வெள்ளைக்கொட்டைதான்.

அடுத்து, முப்பது பேரை நெருக்கமாக நிற்கவைத்து, ஆளுக்கு இரண்டு காகித உருண்டைகள் கொடுங்கள். ஒவ்வொருவரும் ஒரு யுரேனியம்-235 அணுக்கரு, உருண்டைகள் நியூட்ரான்கள். கடற்காற்று உருண்டைகளைத் தள்ளிவிடும் என்பதால் சன்னலைச் சாத்தி, புழுக்கமானாலும் மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். நீங்கள் ஓர் உருண்டையை மேலே எறியுங்கள். அது யார்மேல் படுகிறதோ அவர் தம் இரண்டையும் மேலே எறிந்துவிட்டு உட்கார வேண்டும். சில நொடிகளில் அறை முழுதும் உருண்டை பறக்கும். யுரேனியம்-235 ஒரு முறை பிளக்கும்போது சராசரியாக 2.4 நியூட்ரான்கள் வெளிவருகின்றன என்பதை அப்போது சொல்லுங்கள்.

இரண்டாம் சுற்றில் அனைவரையும் தள்ளி நிற்கவையுங்கள். உருண்டைகள் தரையில் விழுந்து ஆட்டம் அணைந்துவிடும். மாறுநிலை நிறை, அதாவது தொடர்வினை அணையாமல் நீடிக்கத் தேவையான குறைந்த அளவு எரிபொருள், என்பதன் பொருள் அங்கே விளங்கும்.

மூன்றாம் சுற்றுதான் முக்கியமானது, இதற்கே அதிக நேரம் ஒதுக்குங்கள். மறுபடியும் நெருக்கி நிற்கவைத்து, இடையிடையே சிலரிடம் விரித்த குடைகளைத் தலைகீழாகக் கொடுத்தால், உலையில் நியூட்ரான்களை உறிஞ்சும் கட்டுப்பாட்டுத் தண்டுகளைப்போல அவை உருண்டைகளை விழுங்கும். ஒருவர் எறிவதால் சராசரியாக இன்னொருவர் மட்டுமே எறியும்வரை குடைகளைக் கூட்டியும் குறைத்தும் பாருங்கள். அதுவே மாறுநிலை. முப்பது பேரில் அது நீடிப்பது அரிது. பிள்ளைகள் அதற்காகப் படும் பாடே பாடம்.

ஒருவரிடம் மட்டும், உருண்டை பட்டதும் பத்துவரை எண்ணிவிட்டு எறியச் சொல்லுங்கள். பிளவில் வரும் நியூட்ரான்களில் 1 விழுக்காட்டுக்கும் குறைவானவை இப்படித் தாமதித்தே வருகின்றன; உலையின் தண்டுகளை நகர்த்த அவகாசம் கிடைப்பது அவற்றால்தான்.