"(நல்)" என்று அச்சானால் நிம்மதியாகிவிடாதீர்கள்: சி-யில் நல் பாயிண்டரைக் கையாளுவது

நினைவகத்தில் ஓர் இடத்தின் முகவரியை வைத்திருப்பது பாயிண்டர், எந்த இடத்தையும் காட்டாத பாயிண்டர் நல். சி-யில் எழுதிய புரோகிராம் ஒன்று "வணக்கம் (நல்)" என்று திரையில் காட்டிவிட்டு, எதுவுமே நடக்காததுபோல அடுத்த வரிக்குப் போய்விடும். பெயர் வரவில்லை போலிருக்கிறது, கிராஷ் ஆகவில்லையே, அது போதும் என்று நாமும் விட்டுவிடுவோம். அதே நிரலில் "வணக்கம்" என்பதை எடுத்துவிட்டு, பெயரையும் கடைசியில் ஒரு நியூலைனையும் மட்டும் அச்சிடச் சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் செக்மென்டேஷன் ஃபால்ட் (தொடக் கூடாத நினைவக முகவரியைத் தொட்டதற்கான கிராஷ்) வாங்கிக்கொண்டு விழும். ஒரே பாயிண்டர், ஒரே நல், ஒருமுறை பிழைக்கிறது, ஒருமுறை சாகிறது. இது ஏன் நடக்கிறது, எப்படி எழுதினால் இந்தச் சூதாட்டத்தில் மாட்டாமல் இருக்கலாம் என்பதைத்தான் பார்க்கப் போகிறோம். நிரல் வரிகளை உச்சரிப்புப்படி தமிழ் எழுத்தில் தருகிறேன், எடிட்டரில் வழக்கமான எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

விதி எளிமையானது. சி-யின் அச்சிடும் ஃபங்க்ஷனான பிரிண்ட்எஃப்-இல், ஸ்ட்ரிங் வர வேண்டிய இடத்தைக் குறிப்பது %எஸ். அதற்குக் கொடுக்கும் பாயிண்டர் ஓர் எழுத்து அரேயின் முதல் எழுத்தைக் காட்ட வேண்டும் என்கிறது சி ஸ்டாண்டர்டு. நல் எதையும் காட்டுவதில்லை, ஆகவே அதைக் கொடுத்தால் அன்டிஃபைன்டு பிஹேவியர், அதாவது என்ன வேண்டுமானாலும் நடக்கலாம், யாரையும் கேட்க முடியாது. லினக்ஸில் பரவலாக இருக்கும் ஜிலிப்சி, சின்ன லைப்ரரியான மஸல், மைக்ரோசாஃப்டின் சி ரன்டைம் எல்லாமே இரக்கப்பட்டு "(நல்)" என்று அச்சிடுகின்றன. பழைய சோலாரிஸ் ஆப்பரேட்டிங் சிஸ்டம் அப்படி இரக்கப்படவில்லை, நேரே கிராஷ். அங்கே இந்த மாதிரி நிரல்களை எப்படியாவது ஓட வைப்பதற்கென்றே, பூஜ்ய முகவரியில் வெறும் பூஜ்யங்களை வைத்துக்கொடுக்கும் ஒரு தனி லைப்ரரி இருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரக்கம் காட்டும் லைப்ரரிகளுக்குள்ளும் ஒற்றுமை கிடையாது. %.3எஸ் என்று மூன்று எழுத்துக்கு வரம்பு வைத்து நல்-ஐக் கொடுத்தால், ஜிலிப்சி எதுவுமே அச்சிடாது, ஏனென்றால் அடைப்புக்குறிகளோடு சேர்த்து அந்தச் சொல்லுக்கு ஆறு இடம் வேண்டும், வரம்பு அதற்குக் குறைவாக இருந்தால் வெற்று ஸ்ட்ரிங்காக எடுத்துக்கொள்ளும். மஸல் அதையே வெட்டி முதல் மூன்று எழுத்தைக் காட்டும்.

சரி, அந்த நியூலைன் விஷயத்துக்கு வருவோம். இந்த இரண்டு வரிகளைப் பாருங்கள்:

பிரிண்ட்எஃப்("பெயர்: %எஸ்\என்", பெயர்);
பிரிண்ட்எஃப்("%எஸ்\என்", பெயர்);

முதல் வரி ஜிலிப்சி-யில் "பெயர்: (நல்)" என்று அச்சாகும். இரண்டாவதைப் பார்த்ததும் ஜிசிசி கம்பைலர், இதற்கு எதற்கு பிரிண்ட்எஃப், ஸ்ட்ரிங்கையும் ஒரு நியூலைனையும் மட்டும் அச்சிடும் புட்ஸ் போதுமே என்று தானாகவே புட்ஸ்(பெயர்) என மாற்றிவிடும். ஆப்டிமைசேஷன் போட்டால் இன்னொரு கம்பைலரான கிளாங்கும் இதைச் செய்யும். புட்ஸ்-க்கு நல்-ஐப் பார்த்து இரக்கப்படத் தெரியாது, நீளத்தை எண்ணப் போய் பூஜ்ய முகவரியைத் தொடும், கதை முடிந்தது. எஃப்பிரிண்ட்எஃப்-இல் வெறும் "%எஸ்" இருந்தால் அது எஃப்புட்ஸ் ஆகிவிடும், அங்கும் இதே கதி. -எஃப்நோ-பில்டின்-பிரிண்ட்எஃப் என்று கொடுத்தால் பிரிண்ட்எஃப் புட்ஸ் ஆவது நிற்கும், அந்தக் கிராஷும் நிற்கும், ஆனால் அது வைத்தியம் இல்லை. பாயிண்டர் இன்னும் நல்-ஆகத்தானே இருக்கிறது.

என்னைக் கேட்டால் கிராஷ் ஆவதே மேல். உண்மையான சேதம் கிராஷ் ஆகாத இடத்தில்தான் நடக்கிறது. பயனரின் ஹோம் டைரக்டரிக்குள் செட்டிங்ஸ் ஃபைல் ஒன்றை வைக்க நினைத்து இப்படி எழுதுகிறோம் என்று வையுங்கள்:

எஸ்என்பிரிண்ட்எஃப்(பாதை, சைஸ்ஆஃப் பாதை, "%எஸ்/.செயலி", கெட்என்வ்("ஹோம்"));

சாதாரணமாக டெர்மினலில் ஓட்டும்போது ஹோம் வேரியபிள் இருக்கும், எல்லாம் சரியாக நடக்கும். அதையே சிஸ்டம் சர்வீஸ் மாதிரி, என்விரான்மென்ட்டைச் சுருக்கிவிடும் இடத்திலிருந்து ஓட்டும்போது ஹோம் இல்லாமல் போகலாம். என்விரான்மென்ட் வேரியபிளின் மதிப்பைக் கேட்டு வாங்கும் கெட்என்வ் அப்போது நல் தரும். பாதை "(நல்)/.செயலி" என்று அமையும். அது / குறியில் தொடங்காததால், இல்லாத டைரக்டரியைத் தானே உருவாக்கிக்கொள்ளும் நிரலாக இருந்தால், அப்போது எந்த டைரக்டரியில் நிற்கிறோமோ அங்கே "(நல்)" என்ற பெயரிலேயே ஒரு டைரக்டரி முளைக்கும், செட்டிங்ஸ் அதற்குள் போய் உட்காரும், பிழைச்செய்தி ஒன்றும் வராது. சர்வரில் எங்காவது அப்படி ஒரு டைரக்டரியைப் பார்த்தால் ஏதோ ஒரு நிரல் இந்த வேலையைப் பார்த்திருக்கிறது என்று அர்த்தம். டேட்டாபேஸில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "(நல்)" என்று பதிவாவதும் இதே வகைதான், அதைப் பிறகு உண்மையான பெயரிலிருந்து பிரித்தெடுப்பது பெரிய தலைவலி.

அதனால் முதலில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொள்ளுங்கள்: இந்த இடத்தில் நல் வந்தால் அதற்கு என்ன பொருள்? மனிதர் வாசிக்கிற லாகோ பிழைச்செய்தியோ என்றால் அதற்குப் பதிலாக ஒரு சொல்லைப் போட்டு அச்சிடுவதில் தவறில்லை. அந்த எழுத்து ஃபைல் பெயராகவோ, கட்டளையாகவோ, டேட்டாபேஸ் வரியாகவோ, இன்னொரு நிரல் படிக்கப்போகும் உள்ளீடாகவோ மாறப்போகிறது என்றால் மாற்றுச் சொல் எதுவும் கூடாது, அங்கேயே நின்று பிழையைத் திருப்பி அனுப்ப வேண்டும்:

கான்ஸ்ட் சார் *வீடு = கெட்என்வ்("ஹோம்");
இஃப் (வீடு == நல் || வீடு[0] == '\0') {
    எஃப்புட்ஸ்("ஹோம் அமைக்கப்படவில்லை\என்", எஸ்டிடிஎர்);
    ரிட்டர்ன் -1;
}

இரண்டாவது சோதனையையும் விட்டுவிடாதீர்கள். வேரியபிள் இருந்து, அதன் மதிப்பு வெற்று ஸ்ட்ரிங்காக இருந்தால் பாயிண்டர் நல் இல்லை, ஆனால் பாதை "/.செயலி" என்று ரூட்டிலேயே போய் நிற்கும். நல் வேறு, வெற்று ஸ்ட்ரிங் வேறு, ஸ்ட்ரிங்கின் முடிவில் நிற்கும் '\0' எழுத்து வேறு. சி-யில் மூன்றையும் குழப்பிக்கொள்வது ரொம்ப சுலபம்.

லாகுக்கு மட்டும் ஒரு குட்டி ஃபங்க்ஷன் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்:

ஸ்டேடிக் இன்லைன் கான்ஸ்ட் சார் *காட்டு(கான்ஸ்ட் சார் *எஸ்)
{
    ரிட்டர்ன் எஸ் ? எஸ் : "<இல்லை>";
}

அப்புறம் எங்கும் பிரிண்ட்எஃப்("பயனர்: %எஸ்\என்", காட்டு(பெயர்)) என்று எழுதலாம். மாற்றுச் சொல்லாக "(நல்)"-ஐயே வைக்காமல் வேறு ஒன்றை வைப்பது நல்லது. லாகில் "<இல்லை>" என்று வந்தால் நாம் தெரிந்தே கையாண்டது, "(நல்)" என்று வந்தால் எங்கேயோ கோட்டை விட்டது என்று உடனே பிரித்துவிடலாம்.

இதையே மேக்ரோவாக எழுதும் பழக்கம் பலரிடம் இருக்கிறது: ((எஸ்) ? (எஸ்) : "<இல்லை>") என்று. தயவுசெய்து வேண்டாம். மேக்ரோவுக்குள் எஸ் இரண்டு முறை வருகிறது, அதனால் உள்ளே ஒரு ஃபங்க்ஷன் அழைப்பைக் கொடுத்தால் அதுவும் இரண்டு முறை ஓடும். ஸ்ட்ரிங்கைத் துண்டு துண்டாகப் பிரித்துத் தரும் ஸ்டர்டோக்-ஐ வைத்து காட்டு(ஸ்டர்டோக்(நல், ",")) என்று எழுதினால் சோதிப்பதற்கு ஒருமுறை, அச்சிடுவதற்கு ஒருமுறை என ஸ்டர்டோக் இரண்டு துண்டுகளை விழுங்கிவிடும். "அ,ஆ,இ,ஈ" என்பதைப் பிரித்து, முதல் துண்டை எடுத்த பிறகு மீதியை இந்த மேக்ரோ வழியாக அச்சிட்டால் முதலில் "இ" வரும், "ஆ" எங்கே போனது என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். கடைசியில் இரண்டாவது அழைப்பு நல் தந்து, சோதித்த பிறகும் நல்-ஐ அச்சிடுவீர்கள். ஜிசிசி-யிலும் கிளாங்கிலும் எஸ் ?: "<இல்லை>" என்ற சுருக்க வடிவம் ஒருமுறைதான் கணக்கிடும், ஆனால் அது ஸ்டாண்டர்டில் இல்லாத நீட்சி. ஃபங்க்ஷன் எழுதினால் இந்த யோசனையே தேவையில்லை.

நல் எங்கிருந்தெல்லாம் வரும் என்று மனதில் வைத்திருங்கள். கெட்என்வ், ஸ்டர்டோக் சொல்லியாயிற்று. தேடியது கிடைக்காவிட்டால் ஸ்டர்ஸ்டர், நினைவகம் கிடைக்காவிட்டால் மாலாக், ஸ்டர்டூப். கட்டளை வரியில் எதுவும் கொடுக்காதபோது ஆர்க்வி[1]. எஸ்கியூலைட் டேட்டாபேஸில் மதிப்பில்லாத நெடுவரிசையின் எழுத்தைக் கேட்டால் கிடைப்பதும் நல்தான். ஃபைலிலிருந்து வரி வரியாகப் படிக்கும் எஃப்கெட்ஸ் கொஞ்சம் வேறு ரகம்: ஃபைல் முடிந்ததும் அது நல் தரும், ஆனால் பஃபரில் இருந்த பழைய வரி அப்படியே இருக்கும். திருப்பித் தந்ததைப் பார்க்காமல் பஃபரை அச்சிட்டால் கடைசி வரி இரண்டு முறை வரும். ஃபைல் முடிந்ததா என்று சொல்லும் எஃப்இஓஎஃப்-ஐ வைத்து லூப் போடுகிறவர்களுக்குப் பழக்கப்பட்ட காட்சி.

ஸ்ட்ரக்ட் வந்தால் இன்னொரு கண்ணி. முதலில் ஒரு இன்ட் எண், அடுத்து சார் பெயர்[32] என்று ஸ்ட்ரக்ட் இருக்கிறது, அதைக் காட்டும் பாயிண்டர் பி நல்-ஆக இருக்கிறது என்று வையுங்கள். இங்கே பெயர் என்பது பாயிண்டர் இல்லை, அரே. அதனால் பி->பெயர் என்பது நடைமுறையில் பூஜ்யத்தோடு நாலு பைட் கூட்டிய முகவரியாகிவிடும். அது நல் இல்லை! இஃப் (பி->பெயர்) என்ற சோதனை எப்போதும் உண்மைதான், காட்டு() ஃபங்க்ஷனும் ஏமாந்துபோகும், ஜிலிப்சி-யின் "(நல்)" இரக்கமும் வேலை செய்யாது. சோதிக்க வேண்டியது பி-யைத்தான். இப்படிப்பட்ட சோதனைகளை, எச்சரிக்கைகளைக் காட்டச் சொல்லும் -வால் கொடுத்தால் கம்பைலரே "இது எப்போதும் உண்மை" என்று சொல்லிவிடும், எச்சரிக்கைகளை வாசிக்கிறவர்களுக்கு.

சோதனையை எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம். முதலில் ஸ்டர்லென்(எஸ்) என்று நீளம் எடுத்துவிட்டு, அடுத்த வரியில் எஸ் நல்-ஆ என்று பார்ப்பதில் பயனில்லை. ஸ்டர்லென்-க்கு நல் கொடுக்கவே கூடாது என்பது ஜிசிசி-க்குத் தெரியும், ஆகவே எஸ் நல்-ஆக இருக்க வழியில்லை என்று முடிவு கட்டி, ஆப்டிமைசேஷனில் உங்கள் சோதனையையே நீக்கிவிடலாம். நிரலில் சோதனை கண்ணுக்குத் தெரியும், ஓடும் பைனரியில் இருக்காது.

நல் சோதனைக்குச் சிக்காத பாயிண்டர்களும் உண்டு. மதிப்பே கொடுக்காத லோக்கல் பாயிண்டரில் ஏதோ குப்பை இருக்கும், ஃப்ரீ செய்த, அதாவது நினைவகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்ட, பாயிண்டர் பழைய முகவரியையே பிடித்துக்கொண்டிருக்கும், இரண்டும் நல் இல்லை. அறிவிக்கும்போதே நல் கொடுங்கள், ஃப்ரீ செய்ததும் நல் ஆக்குங்கள், அப்போதுதான் மேலே சொன்ன சோதனைகளுக்கே மதிப்பு. முடிவு எழுத்து இல்லாத ஸ்ட்ரிங்கும் இந்தக் கூட்டம்தான்: ஸ்டர்என்கப்பி இடம் போதாதபோது '\0' வைக்காமலேயே நிறுத்திவிடும். நீளம் தெரிந்த, முடிவு எழுத்து இல்லாத பஃபரை அச்சிட %.*எஸ் இருக்கிறது, நீளத்தை இன்ட் ஆக மாற்றிக் கொடுக்க வேண்டும், சைஸ்_டி-யை அப்படியே தள்ளிவிடக் கூடாது.

பாயிண்டரின் முகவரியையே பார்க்க வேண்டுமென்றால் %பி, அதற்கு நல் தாராளமாகக் கொடுக்கலாம், வாய்டு * ஆக மாற்றிக் கொடுங்கள். ஜிலிப்சி "(நில்)" என்று காட்டும், மற்றவை பூஜ்யங்களைக் காட்டும், வடிவம் அவரவர் இஷ்டம். பிரிண்ட்எஃப்(பெயர்) என்று ஃபார்மட்டே இல்லாமல் அச்சிடுவது நல்-ஐ விட மோசம். பெயருக்குள் யாராவது % குறி வைத்தால் நிரலின் நினைவகத்தையே துழாவ வழி திறந்துவிடும்.

கருவிகளில், ஜிசிசி-யில் -வால்-க்குள்ளேயே ஒரு சோதனை இருக்கிறது: %எஸ்-க்கு நல் போவது கம்பைலருக்குக் கண்கூடாகத் தெரிந்தால் எச்சரிக்கும். ஆப்டிமைசேஷனுக்கான -ஓ2 சேர்த்தால் இன்னும் கொஞ்சம் தூரம் பின்தொடர்ந்து பார்க்கும். ஜிசிசி 10-இல் வந்த -எஃப்அனலைசர், மாலாக் தோற்றிருக்கக்கூடிய பாதைகளைத் தேடிப் பிடிக்கும். ஃப்ரீ செய்ததை அச்சிடுவது, முடிவில்லாத ஸ்ட்ரிங் ஆகியவற்றுக்கு -எஃப்சானிடைஸ்=அட்ரஸ்.

கிராஷ் ஆன இடத்தைத் தேடும்போது ஒரு விஷயம் குழப்பும். வெளியீட்டை ஃபைலுக்கோ பைப்புக்கோ திருப்பியிருந்தால் எஸ்டிடிஅவுட் பஃபரில் சேர்த்து வைத்துத்தான் எழுதும், செக்மென்டேஷன் ஃபால்ட்டில் செத்தால் பஃபரில் இருந்ததெல்லாம் போய்விடும். கடைசியாக அச்சான வரிக்குப் பக்கத்தில்தான் பிழை என்று நினைத்து அங்கேயே தோண்டிக்கொண்டிருப்போம், உண்மையில் நிரல் பல வரிகள் தாண்டிப் போயிருக்கும். தேடும்போது எஸ்டிடிஎர்-இல் அச்சிடுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு வரிக்கும் எஃப்ஃப்ளஷ் போடுங்கள்.

கடைசியாகச் செலவில்லாத சோதனை ஒன்று. நிரலை "என்வ் -ஐ" கட்டளையோடு, அதாவது ஒரு என்விரான்மென்ட் வேரியபிளும் இல்லாமல், தற்காலிகமாக உருவாக்கிய காலி டைரக்டரியிலிருந்து ஓட்டுங்கள். வந்த வெளியீட்டையும் அந்த டைரக்டரியில் புதிதாக முளைத்த பெயர்களையும் கிரெப் வைத்து "(நல்)" இருக்கிறதா என்று தேடுங்கள். பிறகு அதையே மஸல் வைத்துக் கம்பைல் செய்து இன்னொருமுறை ஓட்டுங்கள். இரண்டிலும் வெளியீடு ஒரே மாதிரி வராத வரியிலிருந்து தேடலைத் தொடங்கலாம்.