மேயும் கோழிகளைப் பருந்துக்குப் பறிகொடுக்கும் தவறுகள்

கோழிகளை மேய்ச்சலுக்குத் திறந்துவிடுவோர் செய்யும் பெரிய தவறு, மேயும் இடத்தை வெட்டவெளியாக்கிவிடுவதுதான். பாம்பும் கீரியும் அண்டாதிருக்கட்டும் என்று புதரையும் தாழ்ந்த கிளைகளையும் வெட்டி அகற்றிவிடுகிறார்கள். வானில் வட்டமிடும் பருந்துக்கு அதைவிட வசதியான இடம் வேறில்லை.

ஒரு சேவலைச் சற்று நேரம் கவனித்தால் இது விளங்கும். மேய்ச்சலுக்கு நடுவே அது தலையைச் சாய்த்து, ஒற்றைக் கண்ணால் வானத்தைப் பார்க்கும். பருந்தைக் கண்டதும் நீண்ட, கூரிய குரலை எழுப்பும். நாயையோ பூனையையோ கண்டு விட்டுவிட்டுக் கொக்கரிக்கும் ஓசை வேறு, இது வேறு. அக்குரல் கேட்டதும் கூட்டம் முழுவதும் அருகிலுள்ள மறைவுக்குள் ஓடி, அசையாமல் பதுங்கும். மறைவே இல்லாத இடத்தில் அந்த எச்சரிக்கையால் என்ன பயன்? எங்கே மேய்ந்தாலும் சில எட்டுகளில் புகுந்துகொள்ளும்படி அடர்ந்த செடிகளையோ, கால் நட்டுத் தாழ்வாகக் கட்டிய தட்டிகளையோ ஆங்காங்கே அமைத்து, தீனியையும் தண்ணீரையும் அவற்றின் அடியிலேயே வைப்பதைத்தான் மற்ற எல்லா உபாயங்களுக்கும் முன்னதாகச் சொல்வேன்.

சோளக்கொல்லைப் பொம்மையையும் மின்னும் தகடுகளையும் ஒரே இடத்தில் மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பது வீண். சில நாட்களிலேயே பருந்து பழகிவிடும்; அடிக்கடி இடம் மாற்றினால்தான் ஓரளவு பலன் உண்டு. மேலே வலை கட்டுவோர் அதைத் தொய்வாக விடக்கூடாது, ஏனெனில் தொய்ந்த வலையில் காலும் சிறகும் சிக்கிப் பறவைகள் துடிதுடித்துச் சாகும்.

தாய்க்கோழி பார்த்துக்கொள்ளும் என்று இளங்குஞ்சுகளைத் திறந்துவிடுவதும் தவறு. தாய் பாய்ந்து எதிர்க்கும் என்பது உண்மையே. ஆனால் குஞ்சுகள் பல திசைகளில் சிதறி மேயும்போது, ஒன்றை அது காக்கும் நேரத்தில் இன்னொன்றைப் பருந்து இறாஞ்சிக்கொண்டு போய்விடும். முதல் சில வாரங்களுக்கு மேல்மூடியுள்ள அடைப்புக்குள் மட்டும் மேயவிடுவது நல்லது.

தடயத்தைப் பாராமல் பழி சுமத்துவதையும் தவிர்க்க வேண்டும். வல்லூறு போன்றவை பிடித்த கோழியின் இறகுகளைப் பிடுங்கிவிட்டே உண்பதால், தரையில் ஓரிடத்தில் இறகுகள் வட்டமாகக் கிடக்கும். இரவில் காணாமல் போனால் அது பருந்தின் வேலையன்று. பெரிய ஆந்தையாகவோ நாலுகால் பிராணியாகவோ இருக்கலாம். அதற்கு மருந்து, இருட்டுமுன் கூட்டில் அடைத்துத் தாழிடுவதே.

ஆத்திரத்தில் நஞ்சு வைப்பதும் சுடுவதும் கூடவே கூடாது. பல நாடுகளில் இப்பறவைகளைக் கொல்வது சட்டப்படி குற்றம்; நஞ்சோ நாயையும் காக்கையையும் சேர்த்தே கொல்லும். ஒன்றைக் கொன்றாலும் அந்த எல்லைக்குள் இன்னொன்று வந்து சேரும். எலிகளைத் தின்று தீனியைக் காத்துத் தருவதும் இதே பறவைகள்தாம்.

ஒரு கோழி பறிபோன மறுநாளே வழக்கம்போலத் திறந்துவிடாதீர்கள். இரை கிடைத்த இடத்துக்குப் பருந்து திரும்பி வரும். இறந்த கோழியின் மிச்சத்தை அப்புறப்படுத்தி, சில நாட்கள் கூட்டத்தை அடைத்தே வைத்திருந்தால், அது வேறிடம் தேடிச் செல்ல வாய்ப்புண்டு.